மாப்பிள்ளை வாசித்த தெரமின்

இசைக்கருவி வாங்குகிறவனுக்கு அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

அப்போது நாகர்கோவிலில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் டிவியில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி எதையும் தொடாமல் காற்றில் கையை அசைக்க, எதிரே இருந்த பெட்டி உருக்கமாகப் பாடியது. தெரமின் என்று பெயர் போட்டார்கள். வலது கை நிமிர்ந்த கம்பியை நெருங்கினால் சுருதி ஏறும். இடது கை வளைந்த கம்பியை நெருங்கினால் சத்தம் குறையும். இவ்வளவுதானே என்று நினைத்தேன். (நீச்சலும் கைகாலை அசைப்பதுதான்.)

வாங்கினால் பழசுதான் வாங்குவேன் என்று ஒரு பிடிவாதம் வேறு. நான்கு மாதம் ரேடியோ ரிப்பேர் கடைகளில் விசாரித்து அலைந்து, கடைசியில் குளச்சலில், கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் கண்டுபிடித்தேன். பெட்டியின் மேல் மாதா சுரூபம் வைத்திருந்தார்கள்.

“பிளக்கு சொருகினா கரையும் மக்கா. அதான் சொருகுறதில்ல,” என்றார் அவர். (எங்கள் பக்கம் கரைவது என்றால் அழுவது.)

ஒன்றரை மாதப் பயிற்சியில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் முதல் நான்கு வரிகள் வந்தன. அதை நம்பி உள்ளூர் கேபிள் சேனலின் நேரலை நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொண்டேன். பெண் வீட்டாருக்கு நானே போன் செய்து, மறக்காமல் பார்க்கச் சொன்னேன்.

இரண்டு வரிகள் பழுதில்லாமல் போயின. மூன்றாவது வரியில் தொகுப்பாளர் எனக்குப் பொன்னாடை போர்த்த வந்தார். யார் உடம்பு பக்கத்தில் வந்தாலும் சுருதி ஏறும் என்பதை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அவர் நெருங்க நெருங்கப் பெட்டி கிறீச்சிட்டது. பயந்து பின்வாங்கினார், இறங்கியது. கடமை உணர்ச்சியோடு மறுபடி வந்தார்.

அந்த நேரம் பார்த்து நேயர் அழைப்பு. என் வருங்கால மாமனார்.

“மாப்பிள்ள, அதுக்கு சொகமில்லையா? கைய எடுத்திருங்க,” என்றார், ஊர் முழுக்கக் கேட்க.

மாமனார் பேச்சுக்கு மரியாதை கொடுத்து இரண்டு கைகளையும் எடுத்தேன். இடது கையை எடுத்தால் சத்தம் முழுதாகத் திறந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. அதற்குள் பொன்னாடை கம்பியில் மாட்டிக்கொள்ள, அதை எடுக்கத் தொகுப்பாளர் பெட்டியோடு ஒட்டி நின்றார். பிரசவ வார்டே பெட்டிக்குள் இருப்பது போல ஓர் அலறல். கேமராக்காரர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

அமைதி. லைனில் மாமனார் இன்னும் இருந்தார்.

“இப்ப கொள்ளாம்,” என்றார். (கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது.)

மறுநாள் அவர் என் அப்பாவைக் கூப்பிட்டு, பையனுக்கு வேறு பழக்கம் எதுவும் உண்டா என்று விசாரித்தாராம். குடிப்பதில்லை என்று அப்பா உறுதி சொல்ல, “அத கேக்கல. வேற வாத்தியம் ஏதாவது?” என்றாராம். இல்லவே இல்லை என்று அப்பா சொன்ன பிறகுதான் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள்.

கல்யாணம் நடந்தது. பெட்டி ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்துக்குப் போய்விட்டது. ஆனால் இன்றும் பேச்சு வேகத்தில் நான் இரண்டு கைகளையும் தூக்கினால், என் மகள் காதைப் பொத்திக்கொள்கிறாள். அவள் பிறந்ததே அந்த நிகழ்ச்சிக்கு மூன்று வருடம் கழித்து.