நான் கேட்டது ஒரு வைன்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நான் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அது ஒரு நவம்பர் வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்றேகால் மணியோடு முடிவுக்கு வந்தது. (தெரியாது என்று வெளியே ஒப்புக்கொள்ள மேலும் பல வருடங்கள் எடுத்தேன். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.)

எண்பதுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பிலிருந்து மொன்றியலுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் நான் இரசாயனம் படிப்பித்த வாத்தியார். சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கை எப்படி அகற்றுகிறது என்பதை மூலக்கூறு மட்டத்தில் விளக்கக்கூடிய ஒரே கோப்பை கழுவி அந்தத் தெருவில் நான்தான். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

எனக்கு வதிவிட உரிமை கிடைத்துவிட்டது. மனைவி றெஜினா இன்னும் மட்டக்களப்பில் இருந்தாள். கலியாணம் முடித்து ஐந்து மாதத்தில் அவளை விட்டுவிட்டு வந்தவன் நான். அங்கிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் சுற்றிவளைப்பு, ஊரடங்கு, பக்கத்து வீட்டுப் பையன் வீடு திரும்பவில்லை என்ற செய்திதான் இருக்கும். அவளைக் கூப்பிடுவதற்கு எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளியின் கடிதம் ஒன்று வேண்டும் என்று இமிகிரேஷனில் சொன்னார்கள். கோப்பை கழுவுகிறவனுக்கு அப்படிக் கடிதம் யார் கொடுப்பார்கள்? இன்றைக்கு வா என்றால் வரவேண்டும், நாளைக்கு வராதே என்றால் நிற்கவேண்டும்.

அந்த நேரத்தில்தான் சலாட் மேசையில் ஓர் இடம் காலியானது. அங்கே நின்றவன் தொடர்ந்து குடிவெறியில் வந்து, கடைசி நாள் சூப் சட்டிக்குள் தன் தொப்பியைப் போட்டுவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தான். தலைமைச் சமையல்காரர் நொர்மான் அவனை அன்றே அனுப்பிவிட்டார்.

நொர்மான் பெரிய ஆள். மீசையும் முழங்கையும் ஒரே அளவு பருமன். பேசுவது குறைவு. பேசினால் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரு வியாழக்கிழமை அவர் நான் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "நாளைக்கு மத்தியான வேலை முடிய என்னோடு வா. ஏதாவது குடிப்போம். கதைக்கவேண்டும்" என்றார்.

அன்று மாலை நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாங்கள் ஐந்து பேர் இருந்த அப்பார்ட்மென்டில் அவசரக் கூட்டம் நடந்தது. தலைவர் சிவராசா அண்ணை. யாழ்ப்பாணத்தவர். எங்கள் எல்லோருக்கும் மூன்று வருடம் முன்னால் வந்தவர். அந்த ஒரே தகுதியில் பனி, இமிகிரேஷன், பல்வலி, பிரெஞ்சு அனைத்துக்கும் அவர்தான் நிபுணர்.

"இது சோதனை, தம்பி" என்றார். "முந்தினவன் குடியால போனவன். நீ என்ன கேக்கிறாய், எப்பிடிக் குடிக்கிறாய் எண்டு பாக்கத்தான் அந்தாள் கூட்டிக்கொண்டு போறான்."

"அப்ப நான் கோக் கேக்கிறன்."

"இவங்கட தவேர்ண் எண்ட குடிக்கடைக்குள்ள போய்க் கோக் கேட்டா உன்னைச் சின்னப்பிள்ளை எண்டு நினைப்பான். சின்னப்பிள்ளைக்கு ஆர் நிரந்தர வேலை குடுப்பினம்?"

"பியர் நான் குடிக்க மாட்டன், அண்ணே. றெஜினாட்ட சத்தியம் பண்ணிற்று வந்த நான்."

அது உண்மை. புறப்படுவதற்கு முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கியிருந்தாள். சாராயம், கள்ளு, பியர். மூன்றையும் விரல் மடித்துச் சொன்னாள்.

சிவராசா அண்ணை யோசித்தார். "வைன் எண்டு சொன்னவவோ?"

"இல்ல."

"பேந்தென்ன? வைன் சுவாமியாரே குடிக்கிற சாமான். பியர் கண்ட சனமும் குடிக்கும். வைன் டொக்டர்மார், லோயர்மார் குடிக்கிறது. ஒரு கிளாஸ் கேள், ரெண்டு மிடறு குடி, வை. அந்தாள் அசந்து போவான்."

என் மனச்சாட்சி இந்த வாதத்தை உடனே ஏற்றுக்கொண்டது. (சிறு வயதில் பூசைக்கு உதவி செய்தவன் நான். வைன் என்றால் எனக்குப் போத்தலில் இருக்கும் பக்தி.)

பிறகு உச்சரிப்புப் பயிற்சி. பிரெஞ்சில் வைனுக்கு 'வேங்'. சொல்லை வாயில் தொடங்கி மூக்கில் முடிக்கவேண்டும், தடிமன் பிடித்தவன் மாதிரி. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து ஆண்கள் இருந்து "வேங், வேங்" என்றோம். மேல்வீட்டுப் பெண் தரையைத் தட்டினாள்.

"இன்னொண்டு" என்றார் சிவராசா அண்ணை படுக்கப்போகும் முன். "அவங்கள் கேக்கிறது விளங்காட்டி முழிக்காத. 'வீ' எண்டு சொல்லிப்போட்டுச் சிரி. ஓம் எண்டு சொன்னவனை உலகத்தில ஒருத்தரும் கோவிச்சதில்லை."

மறுநாள் மூன்று மணிக்கு நொர்மானோடு போனேன். உணவகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய தவேர்ண். மரச் சுவர், மர மேசை, மரம் போலவே அசையாமல் இருந்த பத்துப் பதினைந்து கிழவர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்களில் பியர். நொர்மானைக் கண்டதும் இரண்டு பேர் தலையசைத்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

பரிசாரகர் வந்தார். நொர்மான் ஒரு விரலைத் தூக்கினார். பரிசாரகர் என் பக்கம் திரும்பினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டொக்டரின் நிதானத்தோடு, மூக்கைச் சரியான கோணத்தில் வைத்துக்கொண்டு, 'தயவுசெய்து'வும் சேர்த்துச் சொன்னேன்.

"வேங், சில் வு ப்ளே."

பரிசாரகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேங்?"

"வீ."

"வேங்?" இந்த முறை நொர்மானைப் பார்த்துக் கேட்டார். நொர்மானின் புருவங்கள் நெற்றியின் பாதி வரைக்கும் ஏறியிருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. சிவராசா அண்ணை சொன்னது சரிதான், மனிதர் அசந்துவிட்டார்.

"வீ, வேங்" என்று உறுதிப்படுத்தினேன்.

பரிசாரகர் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் ஒரு தட்டம், மற்றக் கையில் இன்னொரு தட்டம். நொர்மானுக்கு முன்னால் ஒரு பியரை வைத்தார். பிறகு எனக்கு முன்னால் ஒன்று வைத்தார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. வைத்துக்கொண்டே இருந்தார். மேசையில் இடம் முடிந்ததும் பக்கத்து மேசையை இழுத்து ஒட்டிவைத்துத் தொடர்ந்தார்.

நுரை பொங்கும் கிளாஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்பில் நாங்கள் கோரஸாக எண்ணிய எண்கள் எங்கேயோ தூரத்தில் கேட்டன. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. அதற்கு அடுத்த எண் என்ன என்று நினைவுக்கு வந்ததும் எனக்கு நவம்பர் மாதத்தில் வேர்த்தது.

இருபது. அதுவும் 'வேங்'தான்.

எழுத்தில் வேறு, சத்தத்தில் ஒன்று. ஒரு தேசத்துச் சனம் வைனுக்கும் இருபதுக்கும் ஒரே சத்தத்தை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை நூற்றாண்டு வியாபாரம் செய்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உடனே திருத்தவேண்டும் என்று எழும்பினேன். 'இருபது இல்லை, வைன்' என்று சொன்னால் போதும். சொன்னேன். அது பரிசாரகரின் காதில் "வேங் இல்லை, வேங்" என்று விழுந்தது.

அவர் நெஞ்சில் கை வைத்து, மரியாதையோடு ஏதோ கேட்டார். தட்டங்களையும் பீப்பாவையும் மாறிமாறிக் காட்டியதிலிருந்து, இன்னும் ஒரு இருபது வேண்டுமா என்று கேட்கிறார் என்று விளங்கியது. பழக்கதோஷத்தில் 'வீ' வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

நொர்மான் நாற்காலியில் சாய்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் என் கடிதம் கிழிந்து விழுவது தெரிந்தது. குடித்தால் சத்தியம் போகும், வேலையும் போகும். குடிக்காமல் எழும்பினால், கேட்டு வாங்கியதை அப்படியே விட்டுப்போன பண்பில்லாதவன். இருபது பியருக்கு முன்னால் சும்மா இருப்பதற்கு எந்த நாட்டிலும் ஒரு முகபாவம் கிடையாது.

என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலேயே இரண்டு கையிலும் நான்கு கிளாஸ்களைத் தூக்கினேன். (கோப்பை கழுவுகிறவனுக்கு வரும் ஒரே வித்தை அது.) பக்கத்து மேசைக் கிழவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்து அடுத்த நான்கு. பந்தியில் பரிமாறுகிற மாதிரி ஒரு மேசையும் விடாமல் வைத்துக்கொண்டு போனேன். மரம்போல இருந்தவர்கள் அசையத் தொடங்கினார்கள்.

கடைசி மேசையில் தனியாக இருந்த ஒரு கிழவர், மார்செல் என்று பெயர், என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். அதில் 'ஃபெத்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. அது கோயில் திருநாளைக் குறிக்கும் சொல் என்று படித்திருந்தேன். ஏதோ புனிதரின் திருநாளாக்கும் என்று நினைத்து, சிவராசா அண்ணையின் சட்டப்படி "வீ" என்று சொல்லிச் சிரித்தேன்.

மார்செல் எழும்பி நின்று எல்லோருக்கும் அறிவித்தார். தவேர்ண் முழுவதும் எழும்பி நின்றது. பாடத் தொடங்கினார்கள். எல்லோருடைய கண்ணும் என்மேல் இருந்ததால், அது எந்தப் புனிதரைப் பற்றிய பாட்டும் அல்ல என்று விளங்கியது. அந்த ஊரில் பிறந்தநாளும் 'ஃபெத்'தான். அன்று என் பிறந்தநாள் என்று நான்தான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் பிறந்தநாள் மே மாதத்தில்.

மார்செல் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நொர்மான் எழும்பி வந்து கை குலுக்கினார். எதையும் பற்றிக் கதைக்கவில்லை. "திங்கட்கிழமை பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"இருபதோ?" என்றார் சிவராசா அண்ணை.

"இருபது."

"வேலை போச்சு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா உச்சரிப்பு சரியாத்தான் இருந்திருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

சனியும் ஞாயிறும் எனக்கு நித்திரையில்லை. றெஜினாவுக்கு என்ன எழுதுவது என்று நான்கு தடவை கடிதம் தொடங்கிக் கிழித்தேன். பியர் குடிக்காமலேயே பியரால் வேலையிழந்தேன் என்பதை எந்த மனைவி நம்புவாள்?

திங்கட்கிழமை காலை நொர்மான் என்னை மரக்கறிப் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்குக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை," என்றார், "ஏன் இருபது?"

இனி இழக்க எதுவும் இல்லை என்று உண்மையைச் சொல்லத் தீர்மானித்தேன். என் பிரெஞ்சை நம்பாமல், அவரிடமிருந்தே பேனை வாங்கி, ஒரு தக்காளிப் பெட்டியின் அட்டையில் வைனுக்கான மூன்று எழுத்துகளை எழுதிக் காட்டினேன். "இருபது இல்லை, ஷெஃப். இது. ஒன்று."

நொர்மான் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக உருளைக்கிழங்கு மூட்டையில் உட்கார்ந்தார். அவர் உடம்பு குலுங்கியபோது ஏதோ நெஞ்சு வருத்தம் வந்துவிட்டது என்று பயந்துபோனேன். சத்தம் பிறகுதான் வந்தது. ஏப்ரனை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தவேர்ணில் வைனே கிடையாது. பியர் மட்டும்தான்" என்றார். மறுபடியும் சிரித்தார். பிறகு திடீரென்று நிறுத்தினார்.

"அப்படியென்றால் பிறந்தநாள்?"

தலையைக் குனிந்துகொண்டு "மே மாதம்" என்றேன். பொய்யனும் ஆகிவிட்டேன், இனிக் கோப்பை கழுவவும் விடமாட்டார் என்று நினைத்தேன்.

நொர்மான் அட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "மார்செல் கலண்டரில் எழுதிவிட்டான்" என்றார். "அவனுக்கு ஞாபகம் வைக்க வேறு யாருடைய பிறந்தநாளும் இல்லை. இனிமேல் நீ நவம்பர்." எழும்பினார். "உனக்கு முந்தி இருந்தவன் ஒன்று கேட்டு இருபது குடிப்பான். நீ இருபது கேட்டு ஒன்றுகூடக் குடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போய் சலாட் மேசையில் நில்."

நான் சலாட் மேசைக்குப் போகவில்லை. குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கீரைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். நெஞ்சில் இரண்டு நாளாக ஏறி இருந்த ஒரு ஆள் இறங்கிப் போனது மாதிரி இருந்தது. அடுத்த கிழமை கடிதம் கையில் கிடைத்தது. நிரந்தர வேலை, நேர்மையானவர், மதுப் பழக்கம் இல்லாதவர் என்று எழுதியிருந்தது. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. நொர்மான் தானாகவே சேர்த்திருந்தார்.

அடுத்த வருடம் றெஜினா வந்து சேர்ந்தாள். அந்த நவம்பரில் நொர்மான் எங்கள் இருவரையும் சமையலறைக்குக் கூப்பிட்டார். மார்செல் நல்ல கோட்டுப் போட்டு, கேக்கோடு வந்திருந்தார். நொர்மான் கதையை முதலிலிருந்து சொல்ல, அதை அவளுக்குத் தமிழில் மொழிபெயர்க்கும் தண்டனையும் எனக்கே கிடைத்தது. அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்க," என்றாள் முடிவில், "குடிக்கப்படாது எண்டுதான் நான் சத்தியம் வாங்கின. வாங்கப்படாது எண்டு சொல்லாம விட்டது என்ட பிழைதான்."

மார்செல் இறந்து பல வருடங்களாகிவிட்டன. நொர்மான் ஓய்வுபெற்று ஏரிப் பக்கம் போய்விட்டார். என் உண்மையான பிறந்தநாள் மே மாதத்தில் வந்து, வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. ஒரு வருடம் எனக்கே தெரியாமல் போனது. பிள்ளைகள் நவம்பரில்தான் வருகிறார்கள், இப்போது பேரப்பிள்ளைகளோடு. மார்செல் அன்று கொண்டுவந்த கேக்கில் எத்தனை மெழுகுதிரி இருந்ததோ அத்தனைதான் ஒவ்வொரு வருடமும் ஏற்றுவார்கள். கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள்.

மூட்டு வலிக்கிறது, காது சரியாகக் கேட்பதில்லை, மருந்துப் பெட்டி வருடத்துக்கு வருடம் பெரிதாகிறது. ஆனாலும் இந்த நவம்பரில் எனக்கு மறுபடியும் இருபது வயது.