அக்கா கல்யாணத்துக்கு வந்த மரை

என் வாழ்க்கையில் நான் உருப்படியாக எடுத்த புகைப்படம் ஒன்றே ஒன்றுதான். அதற்காக என் குடும்பத்தில் ஒருவர்கூட இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

கையில் கேமரா இருக்கிறவனுக்குப் படம் எடுக்கத் தெரியும் என்று உலகம் நம்புகிறது. உலகத்தைவிட உறுதியாக அதை நம்புகிறவன் அந்தக் கேமராவை வைத்திருப்பவன். எழுபதுகளின் கடைசியில், இருபத்து மூன்று வயதில், காதை மூடிய முடியும் தரை கூட்டும் பெல்பாட்டமுமாகக் கொட்டகலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்துக்கொண்டிருந்த நானும் அப்படித்தான் நம்பினேன். (கேமரா என்னுடையது அல்ல என்பது வேறு விஷயம்.)

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை தன் சாமான்களை விற்றுவிட்டுப் போனார். கேமரா எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் அலுமாரிக்குள் போனது. என் அக்கா பிலோமினாவின் கல்யாணத்துக்காக அதை ஒரு வாரம் இரவல் கேட்டேன். அவர் பிள்ளையைத் தத்துக் கொடுப்பவர் மாதிரி எடுத்து நீட்டி, "கல்யாணத்துக்கு மட்டுந்தான் தம்பி. வேற எங்கயும் தூக்கிட்டு அலையாதீங்க" என்றார். தலையை ஆட்டினேன். அந்த ஆட்டல் பொய்.

காரணம், ஹட்டன் நூல்நிலையத்தில் நான் பார்த்த ஓர் அமெரிக்கப் படப்புத்தகம். யாரோ ஒருவன் பிரெய்ரி என்கிற பெரும் புல்வெளியில் மாதக்கணக்காகச் சுற்றி, காட்டெருமைகளையும் காற்று வீசும் சின்னஞ்சிறு ஊர்களையும் படம் பிடித்திருந்தான். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டது. அவனுக்குப் பிரெய்ரி என்றால் நமக்கு ஹோட்டன் சமவெளி. அவனுக்கு எருமை, நமக்கு மாடு போல வளர்ந்த மானான மரை. அவனுடைய சின்ன ஊர்களுக்கு நம்முடைய தலவாக்கலையும் நானுஓயாவும் எந்த விதத்தில் குறைச்சல்?

கல்யாணம் புதன்கிழமை, லிந்துலைக் கோயிலில். மாப்பிள்ளை ஸ்டீபன் மச்சான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர். சீதனம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக் கட்டிய மனுசர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அவருடைய அம்மா, இரண்டு அரசாங்கங்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, மூத்த மகனோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுத் திருச்சிப் பக்கம் இருந்தார். கல்யாணத்துக்கு வர வழியில்லை.

"தம்பி, நாங்க கோயில் வாசல்ல நிக்கிற மாதிரி ஒரு படம் நல்லா எடுத்துருங்க. அம்மா கல்யாணமும் இதே வாசல்லதான் நடந்துச்சு. அத அனுப்பணும்" என்றார்.

"ஒண்ணு என்ன மச்சான், முப்பத்தாறு எடுக்கிறேன்" என்றேன்.

எடுத்தேன். முடிந்ததும் கைப்பிடியைச் சுற்றிப் பிலிம் சுருளை வெளியே எடுத்தேன். சுற்றும்போது முழுவதும் உள்ளே போய்விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நுனி பல்லியின் வாலைப்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எடுக்காத புதுச் சுருளும் அப்படித்தான் இருக்கும். புதுச் சுருள் ஒன்று கையிருப்பில் இருந்தது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, கணக்கு வாத்தியார் சவரிமுத்துவோடு புறப்பட்டேன். அவரைக் கூட்டிக்கொண்டு போனதற்கு ஒரே காரணம், சமவெளிக்கு அடிவாரமான பட்டிப்பொலையில் அவருடைய சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம் என்பது. அவர் வந்ததற்கு ஒரே காரணம், பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்தது.

யாரும் தன்னைக் கவனிக்காத ஊரைப் படம் பிடிக்க வேண்டும் என்று அந்த அமெரிக்கன் எழுதியிருந்தான். அவன் தலவாக்கலைக் கடைத்தெருவுக்கு வந்ததில்லை. கேமராவை முகத்துக்குக் கொண்டுபோனதும் கடைத்தெரு முழுக்க அசையாமல் நின்றது. முட்டைக்கோசு மூட்டை சுமந்தவர் மூட்டையை இறக்கிவிட்டுத் தலை வாரினார். ஒரு சிங்கள முதலாளி, "மாத்தயா, அபித் இன்னவா நே!" என்று, நாங்களும் இருக்கிறோமே என்ற உரிமையோடு ஓடிவந்து, குடும்பத்தில் ஒன்பது பேரை உயர வரிசையில் நிறுத்திவிட்டார். பின்னால் சைக்கிள் திருத்துகிற கடையின் பலகை. நானுஓயாவில் ஸ்டேஷன் மாஸ்டர், ரயிலைப் படம் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று அரை மணி நேரம் விசாரித்துவிட்டு, கடைசியில் தன்னை மட்டும் எடுக்கச் சொன்னார். அன்றைக்கு மட்டும் இருபது படம் செலவு. எல்லாரும் எனக்கு முன்னால் விறைத்து நின்றார்கள்.

மறுநாள் ஞாயிறு பூசைக்கு முழுக்குப் போட்டுவிட்டு மலையேறினோம். ஏழு மைல். மேலே போனால் மூட்டம். புல்வெளி இருக்கிறது என்று காலால் தடவித்தான் தெரிந்துகொண்டோம். மூட்டம் கொஞ்சம் விலகியபோதெல்லாம் மிருகங்கள் இருந்தன. ஆனால் சவரிமுத்துவும் இருந்தார்.

"மாஸ்டர்! அங்க பாருங்க குரங்கு!" என்று அவர் கத்தக் கத்த, குரங்கின் வாலைத்தான் நான் படம் பிடித்தேன். ஒரேயொரு கருமந்தி மட்டும், இவரைப்போல ஒரு பிராணியை இதுவரை பார்த்ததில்லை என்பதுபோல உட்கார்ந்து முகம் காட்டியது.

மத்தியானம் காட்டோரத்தில் ஒரு பெட்டை மரை வந்து நின்றது. மாடு அளவு இருந்தது. பின்னால் இருட்டுக் காடு, முகத்தில் நல்ல வெளிச்சம். கேமராவைத் தூக்கினேன்.

"மாஸ்டர், ரொட்டி போடட்டுமா?"

"வாய மூடுங்க சார்!" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. சர்வீசில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மரை என்னைப் பார்த்தது. அமுக்கினேன். என் பிரெய்ரி எனக்குக் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை இரண்டு சுருளையும் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை வாங்கப் போனபோது ஸ்டீபன் மச்சானும் கூட வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் திருச்சி விலாசம் எழுதிய விமானத் தபால் உறை. உள்ளே கடிதம்கூட எழுதி வைத்தாயிற்று.

ஸ்டூடியோக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யாரு தம்பி இத எடுத்தது?"

"நான்தான்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"ரெண்டு சுருள் குடுத்தீங்க. ஒண்ணுல ஒண்ணுமே விழல." கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். "இன்னொண்ணுல எல்லாமே விழுந்திருக்கு."

மேசையில் படங்களைப் பரப்பினார். கல்யாணச் சுருளையே மறுபடி போட்டு எடுத்திருக்கிறேன் என்பது முதல் படத்திலேயே விளங்கிவிட்டது. அக்கா மோதிரம் மாற்றும் படத்தில் சைக்கிள் திருத்தப்படும் என்ற பலகை. அம்மா கண்ணைத் துடைக்கும் படத்தில் முதலாளி குடும்பத்தின் ஒன்பது பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குள் நானுஓயா ஸ்டேஷன் மாஸ்டர். மிச்சப் படங்களில் மூட்டம் புகுந்து, யார் மாப்பிள்ளை, யார் தூண் என்றே தெரியவில்லை.

மச்சான் ஒன்றை எடுத்தார். "இது யாரு?"

"ஃபாதர்."

"ஃபாதர் தலையில?"

"கருமந்தி."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். "அம்மா இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க தம்பி" என்றார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பெல்பாட்டத்துக்குள்ளேயே புகுந்து மறைந்துவிடலாம் போலிருந்தது.

கோயில் வாசலில் அவர்கள் நிற்கும் படங்களில் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. இரண்டு முகமும் பளிச்சென்று தெரிந்தன. மாலை தெரிந்தது. வாசலின் வளைவு தெரிந்தது. நடுவில், இரண்டு பேருக்கும் சொந்தக்காரியைப்போல, என் மரை நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்டூடியோவில் நிற்க வைத்து வேறு படம் எடுக்கலாம் என்றேன். "எடுக்கலாம். அது கோயில் வாசலாகுமா?" என்றார் மச்சான். வீட்டுக்கு வந்த பிறகு அக்காதான், "அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு சொன்னீங்களே, அனுப்பிருங்க" என்று முடித்துவைத்தாள். மரையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பினோம்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. எழுதத் தெரியாத அந்த அம்மா யாரிடமோ சொல்லி எழுதுவித்திருந்தார். மருமகள் லட்சணமாக இருக்கிறாள், கோயில் வாசலைப் பார்த்து அழுதேன் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில்: 'சீதனமாக வந்த மாடும் நல்ல சாதியாகத் தெரிகிறது. கொம்பைக் காணோம். எவ்வளவு பால் கறக்கிறது?'

மச்சான் கடிதத்தை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தார். "நீங்களே பதில் எழுதுங்க தம்பி. நீங்க கொண்டாந்த மாடு."

எழுதினேன். வேறென்ன செய்ய? காலையில் மூன்று போத்தல், மாலையில் இரண்டு என்று எழுதினேன். அதோடு விட்டாரா? மாட்டின் பெயர் என்ன என்று அடுத்த கடிதம். ரோஸி என்றேன். சினையா என்று கேட்டார். ஆம் என்றேன். (இல்லை என்று எழுதியிருந்தால் வைத்தியம் சொல்லியிருப்பார்.) கன்று கிடாரியா, காளையா? ஈரத்தில் கட்டாதே. இருமல் என்றால் ஓமம் அவித்துக் கொடு. வகுப்பில் ஆறுகளையும் மலைகளையும் படிப்பித்துவிட்டு வந்து, மாலையில் இல்லாத மாட்டுக்கு வயிற்றுப்போக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு மகன் பிறந்ததை எழுதியபோது பேரனைப் பற்றி மூன்று வரி வந்தது. ரோஸியின் கன்றைப் பற்றி ஒரு பக்கம். ரோஸியைக் கொன்றுவிடலாம் என்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன். அந்த அம்மா அழுவாரே என்று வைத்துவிட்டேன்.

இப்படியே இரண்டு வருடம் போனது. பிறகு மச்சானின் அண்ணன் திருச்சியிலிருந்து ஊரைப் பார்க்க வந்தார். என்னை மச்சான் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். பிரித்தால், மாட்டின் கழுத்தில் கட்டுகிற வெண்கல மணி.

"அம்மா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க" என்றார். முகத்தை இறுக்கி வைத்திருந்தார். "முப்பது வருசம் இந்த மலையில கொழுந்து எடுத்தவளுக்கு மாடு எது மரை எதுன்னு தெரியாதாடான்னு கேட்டாங்க. வாத்தியாரு எவ்வளவு தூரம் போறாருன்னு பாப்போம்னுதான் எழுதச் சொன்னாங்களாம். ஒங்க கடுதாசி வந்தா எங்க தெருவே கூடிரும். இத அவரையே மரை கழுத்துல கட்டச் சொல்லுன்னாங்க."

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் மச்சான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். விஷயம் கேட்டு அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு என் முன்னால் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதனால் நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன். கொஞ்சம்தான்.

இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. போன மாதம் அக்காவின் பேத்திக்கு ஞானஸ்நானம், அதே லிந்துலைக் கோயிலில். ஆசையாக ஃபோனை எடுத்து எல்லாரையும் வாசலில் நிற்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் நின்றார்கள். ஆனால் நடுவில் ஒரு பெரிய இடைவெளி.

"நெருங்கி நில்லுங்க. நடுவுல ஏன் எடம் விடுறீங்க?" என்றேன்.

அக்காவின் மகன் முகத்தை மாற்றாமல் சொன்னான்:

"ரோஸி வரணும்ல மாமா."