பல்திரையரின் பக்கவாட்டு முகம்

பல வருடங்களாக நான் கவனித்துவரும் ஒரு சின்னப் பழக்கம். சிலர் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போவார்கள், நலம் விசாரிப்பார்கள், கோட்டைக் கழற்றி மாட்டுவார்கள், அடுத்த காரியமாக அந்த வீட்டுக் கணினியின் பின்பக்கத்தை எட்டிப் பார்ப்பார்கள். முன்பக்கத்தை அல்ல. பின்னால் எத்தனை துளைகள், அவற்றில் எவையெல்லாம் சும்மா கிடக்கின்றன என்று ஆராய்ந்துவிட்டு, காலியாக ஒன்று கண்ணில் பட்டால், பள்ளிக்கு அனுப்பப்படாத குழந்தையைப் பார்த்தவர்போல் பெருமூச்சு விடுவார்கள். "இதுல இன்னொரு மானிட்டர் மாட்டலாமே!" வீட்டுக்கார அம்மாள் கையில் தட்டோடு நின்றுகொண்டிருப்பார். முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி ஆறிக்கொண்டிருக்கும்.

இந்த இனத்துக்குப் பல்திரையர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் யாஷ் நகரில் அடுக்குமாடிக்கு ஒருவராவது உண்டு. ருமேனியாவின் மற்ற ஊர்களிலும் குறைவில்லை. இவர்களைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? கண்ணாடி பார்த்துத்தான்.

பல்திரையர் எல்லோரையும்போல ஒரே திரையோடுதான் வாழ்க்கையைத் தொடங்குகிறார். பிறகு ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பழைய திரை ஒன்று மலிவாக அகப்படுகிறது. அன்றோடு அவர் நிம்மதி போயிற்று. முதலில் கேபிள் கம்பி பொருந்தாது. அவரிடம் ஒரு டிராயர் நிறையக் கம்பிகள் உண்டு. எதுவும் எதற்கும் பொருந்தாது. ஆனாலும் ஒன்றைக்கூடத் தூக்கிப்போடமாட்டார். கடைக்கு ஓடி, தப்பான முனையுள்ளதை வாங்கி, திரும்ப ஓடி, மாற்றி, மேசைக்கடியில் தவழ்ந்து, தலையை இடித்துக்கொண்டு, ஒருவழியாகச் செருகி நிமிர்ந்தால் திரை வெளிச்சம் காட்டும். ஆகா! மவுசை வலப்பக்கம் தள்ளுவார். அம்பு இடப்பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கும். வலப்பக்கம் நிற்கும் திரை இடப்பக்கம் நிற்பதாகக் கணினி நினைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதன் எண்ணத்தை மாற்ற ஒரு நொடி போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? திரைகளைத் தூக்கி இடம் மாற்றி வைத்தேன்.

பிறகு உயரம். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. நெட்டையின் மூலையிலிருந்து புறப்பட்ட அம்பு குட்டையின் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். குட்டைக்கு அடியில் புத்தகங்களை அடுக்கவேண்டும். என் கல்லூரிப் பாடநூல்கள் எனக்கு உண்மையிலேயே உதவியது அப்போதுதான்.

கீழ்வீட்டு ஹோரியா என் பள்ளித் தோழன், செருப்புக் கடையில் வேலை. ஒருநாள் வந்து என் மேசையைச் சுற்றிப் பார்த்தான்.

"எதுலடா வேலை செய்யுற?"

"நடுவுல இருக்கே, அதுல."

"வலது பக்கம்?"

"மெயில்."

"இடது பக்கம்?"

"அது... வெளியில மழையா வெயிலான்னு காட்டும்."

"அதுக்குத்தான் ஜன்னல் இருக்கேடா!"

"ஜன்னலை மறைச்சுத்தானே அதை வச்சிருக்கேன்."

ஹோரியா என் தோளைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனான். நல்ல நண்பன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். என் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் நான். அப்பா சாகும்வரை டிராம் தண்டவாளம் பழுதுபார்த்தார். சித்தப்பா மரம் அறுக்கிறார். எங்கள் வீட்டில் வேலை என்றால் மாலையில் முதுகு வலிக்கவேண்டும். நான் செய்வது, எங்கோ இருக்கும் கம்பெனிக்காக ஒரு செயலியின் பொத்தான்களை அழுத்தி, எது வேலை செய்யவில்லை என்று எழுதி அனுப்புவது. சித்தப்பா ஒருமுறை என் முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "சரி, வேலையை எப்போ ஆரம்பிப்பே?" என்று கேட்டார். அந்த வாரம்தான் இரண்டாவது திரையை வாங்கினேன். ஒரு திரையின் முன் உட்கார்ந்திருப்பவன் படம் பார்க்கிறான் என்று தோன்றும். மூன்று திரையின் முன் உட்கார்ந்திருப்பவன் விமானங்களை இறக்கிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். இப்போது கழுத்தும் வலிக்கிறது. முதுகு இல்லாவிட்டாலும் கழுத்தாவது வலிக்கிறதே!

பல்திரையரை அடையாளம் காண இன்னொரு எளிய வழி உண்டு. வீடியோவில் கூப்பிடுங்கள். காமிரா ஒரு திரையின் தலையில் இருக்கும். அவர் பார்ப்பது வேறொரு திரையை. ஆகவே காசில் பொறித்த ராஜாவைப்போல எப்போதும் பக்கவாட்டு முகத்தோடுதான் காட்சி தருவார். நீங்கள் துக்கம் சொன்னாலும், சந்தோஷம் சொன்னாலும் அவர் காதுதான் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

என் காதை அதிகம் பார்த்தவர் என் அம்மா ஆனெத்தா. அம்மா பல வருடங்களாக இத்தாலியில், பெர்காமோவில் இருக்கிறார். சின்யோரா பியேரா என்ற படுத்த படுக்கையான மூதாட்டியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைக்கும் வேலை. என் பட்டம் அந்தச் சம்பளத்தில் வந்தது. எங்கள் மாடிப்படியில் பாதி வீடுகளின் அம்மாக்கள் இத்தாலியில்தான் இருக்கிறார்கள். ஞாயிறு மதியம் ஏறிப் போனால் கதவுக்குக் கதவு ஒரே உரையாடல் கேட்கும். எங்கள் வீட்டு உரையாடலில் தாவி என்பது நான்.

"சாப்டியாடா தாவி?"

"சாப்டேன்மா."

"யாருகிட்ட சொல்ற? என்னைப் பாத்துச் சொல்லு."

"உன்னைத்தான்மா பாக்குறேன். நீ அந்த மானிட்டர்ல இருக்கே."

"நான் எங்க இருந்தா என்ன, எனக்குக் காதுதான் தெரியுது. சின்யோரா கேக்குறாங்க, உன் பையனுக்கு அந்தப் பக்கமும் ஒரு காது இருக்கான்னு."

பின்னாலிருந்து சின்யோராவின் சிரிப்பு இருமலோடு வரும். நானும் சிரிப்பேன், மெயில் திரையைப் பார்த்துக்கொண்டே.

இந்த வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சிரிக்கவில்லை.

"அடுத்த வாரம் உங்கிட்ட ஒண்ணு கேக்கணும் ராசா. ஒப்பந்தம் முடியுது. இன்னும் ரெண்டு வருஷம் இருங்கன்னு சின்யோராவோட மகன் கேக்குறாரு. இருக்கவா, வீட்டுக்கு வந்துடவா? நீதான் சொல்லணும்."

"இதுக்கு எதுக்கு அடுத்த வாரம்? இப்பவே சொல்லிடறேனே."

"வேணாம். வாய் மரியாதைக்கு எதையாவது சொல்லிடும். எனக்கு மூஞ்சியப் பாக்கணும். ஒரு நாளாவது நேரா உக்காரு. அதுல எனக்குத் தெரிஞ்சிடும்." பிறகு, என்னைக் கலவரப்படுத்திவிட்டோமோ என்று நினைத்தாரோ என்னவோ, குரலை மாற்றிக்கொண்டார். "அப்புறம் இங்க சின்யோராவோட வீட்டுக்காரப் பெரியவரு வச்சிருந்த பழைய மானிட்டர் ஒண்ணு சும்மா கெடக்கு. எடுத்துக்கோன்னாங்க. வேன்ல போட்டுவிடட்டுமா?"

இரண்டு செய்திகள். ஒன்று, என் தாய் வீடு திரும்பலாம். மற்றொன்று, ஒரு பழைய மானிட்டர். எதைக் கேட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன் என்று நினைக்கிறீர்கள்?

"எத்தனை இஞ்ச்மா?"

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. இத்தாலியிலிருந்து எங்கள் தெருவுக்கு வாராவாரம் வரும் வேன்தான். காப்பித்தூள், சலவைப்பொடி, பாஸ்தா பொட்டலங்களுக்கு நடுவில், அம்மாவின் குளிர்கால சால்வையில் சுற்றப்பட்டு நான்காவது திரை வந்து இறங்கியது. சால்வையைப் பிரித்து ஓரமாக வைத்துவிட்டு, கம்பி டிராயரைத் திறந்தேன்.

இந்த முறை எல்லாம் அம்மாவுக்காக என்று மனதாரச் சொல்லிக்கொண்டேன். அம்மா நேர்முகம் கேட்கிறார், கொடுத்துவிடவேண்டும். அறிவுள்ள எவனும் மற்றத் திரைகளை அணைத்துவிட்டுக் காமிரா உள்ள ஒன்றின் முன் உட்கார்ந்திருப்பான். ஹோரியா அதைச் சொல்லவும் சொன்னான். "ஒரே ஒரு மானிட்டர்ல பேசினா செத்தாடா போயிடுவே?" நான் அவனைப் பரிதாபமாகப் பார்த்தேன். என் திட்டம் வேறு. துடைப்பக் கட்டையில் காமிராவைக் கட்டி, நடுத்திரைக்கு நட்டநடுவில் நிறுத்தி, அதன் பின்னாலேயே அம்மாவின் முகம் வரும்படி அமைத்து, அம்மாவைப் பார்த்தாலும் காமிராவைப் பார்த்தாலும் ஒன்றே என்று செய்துவிட்டால்? மேசையில் இடம் போதவில்லை. வலப்பக்கத் திரையைத் தள்ளி வைத்து, புதியதை அங்கே நிறுத்தி, மறுபடி எல்லாவற்றையும் நகர்த்தினேன்.

கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த ஹோரியா பின்னால் திரும்பிப் பார்த்தான். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இத்தனையும் நடப்பது அம்மாவின் அறையில். வீட்டில் பெரிய மேசை நுழையும் அறை அது ஒன்றுதான். அம்மாவின் கட்டில்மேல் திரைகள் வந்த காலி அட்டைப்பெட்டிகள் கூரையை நோக்கி அடுக்கியிருந்தன. பல்திரையர் அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடுவதில்லை. எப்போது தேவைப்படும் என்று யார் கண்டது?

"அம்மா வந்தா எங்கடா படுப்பாங்க?"

"அதைப் பாத்துக்கலாம்."

"எப்போ?"

"முதல்ல இதை மாட்டி முடிக்கணும்ல. கட்டையை ஆட்டாதே."

ஞாயிறு வந்தது. தலை வாரி, சலவை செய்த சட்டை போட்டு, காமிராவில் கட்டில் தெரியாதபடி கட்டையைக் கொஞ்சம் திருப்பிவைத்து உட்கார்ந்தேன். அழைப்பு வந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். அம்மா நடுத்திரையில் தோன்றவில்லை. படம் விரிந்த வேகத்தில் புதுத் திரைக்குத் தாவிவிட்டார். கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும். திருப்பினால் காது. அம்மா ஆயுளில் ஒரே ஒரு நேர்முகம் கேட்டிருக்கிறார், அதையுமா கெடுப்பது? வருவது வரட்டும் என்று காமிராவின் கறுப்புப் புள்ளியையே உற்றுப் பார்த்தேன்.

கடைக்கண்ணில் அம்மாவின் நிழல் அசைந்தது. குரல் வரவில்லை. நெகிழ்ந்து போயிருக்கிறார் என்று நினைத்தேன். எத்தனை காலத்துக்குப் பிறகு மகனின் முழு முகம்! நிழல் மறுபடி அசைந்தது. ஆதரவாக இருக்கட்டும் என்று, அலுவலகக் கூட்டங்களில் பழகியபடி, மெதுவாகத் தலையாட்டினேன். நிழல் கையை உயர்த்தியது. இன்னும் அழுத்தமாகத் தலையாட்டினேன். கண்ணை இமைக்கவில்லை. எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. புதுத் திரையை மாட்டியதும் கணினி ஒலியையெல்லாம் அதற்குத் தாரைவார்த்துவிட்டிருக்கிறது. பெரியவரின் திரையிலோ ஒலிபெருக்கியே கிடையாது. பார்வையை அகற்றாமலே மவுசைத் துழாவி ஒலியைப் பழைய இடத்துக்கு மாற்றினேன்.

"...இப்படி நீ என்னைப் பாத்து எத்தனை நாளாச்சுடா!" அம்மாவின் குரல் அறைக்குள் குதித்தது. "சரி ராசா, நாளைக்கே அவங்ககிட்ட சொல்லிடறேன்."

"என்னன்னும்மா?"

"என்னன்னா? இருக்கேன்னுதான். 'இன்னும் ரெண்டு வருஷம் இருந்துடட்டுமா, தனியா சமாளிச்சுக்குவியா'ன்னு கேட்டேன், தலையாட்டினே. 'நல்லா யோசிச்சியா'ன்னு கேட்டேன், இன்னும் பலமா ஆட்டினே. கண்ணுகூட இமைக்கல. சின்யோரா சொல்றாங்க, உன் பையன் பெரிய ஆம்பளையாயிட்டான்னு."

அப்போதுதான் கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தேன். முடியைச் சுருட்டிவிட்டிருந்தார். கோயிலுக்குப் போடும் நீலச்சட்டையைப் போட்டிருந்தார். பின்னால் அவருடைய குறுகிய கட்டில்மேல் சூட்கேஸ் திறந்திருந்தது. பாதி அடுக்கியிருந்தது.

சொல்ல வேண்டியது என்ன? 'எனக்குச் சத்தம் கேட்கவில்லை அம்மா' என்பதுதான். ஆனால் அதன் பொருள், 'நீ யாரையோ புரட்டிப் படுக்கவைத்துக் கணினியியல் படிக்கவைத்த மகனுக்கு, உன் குரல் தன் காதில் விழும்படி ஒரு கணினியை அமைக்கத் தெரியவில்லை' என்பதாகும். படித்தவனின் வாயில் அது அவ்வளவு சுலபத்தில் வருமா?

"சரிம்மா," என்றேன்.

"சாப்டு," என்றார். அழைப்பு முடிந்தது.

அன்று மாலை ஹோரியாவிடம் ஒலிபெருக்கி இல்லாத திரையைத் திட்டித் தீர்த்தேன். அவன் அட்டைப்பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நினைப்பது எனக்கும் தோன்றாமலில்லை. வாய் மரியாதைக்குப் பேசும், முகத்தில்தான் நிஜம் தெரியும் என்றாரே அம்மா? ஒலி இல்லாததால் தப்பாகப் போயிற்றா, அல்லது முகம் சரியாகத்தான் சொன்னதா? கட்டில் மறையும்படி காமிராவைத் திருப்பிவைத்த கை யாருடையது? பட்டப்படிப்பில் இந்தக் கேள்விக்குப் பாடநூல் வைக்கவில்லை. வைத்திருந்தால் அதுவும் குட்டைத் திரைக்கு அடியில்தான் இருந்திருக்கும்.

நீங்கள் இந்த இனமே இல்லை என்கிறீர்கள். உங்களிடம் இருப்பது ஒரே திரை. அதுவும் உள்ளங்கையில் அடங்குவது. ரொம்ப நல்லது. கொஞ்ச நேரம் முன்பு பக்கத்திலிருந்து யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்களே, தலையைத் தூக்காமலே "உம்" என்றீர்களே, எதற்குச் சம்மதித்தீர்கள் என்று எதற்கும் ஒருமுறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். அதன்பின் பல ஞாயிறுகள் பேசிவிட்டோம். சாப்பாடு, மழை, சின்யோராவின் இருமல் எல்லாம். "வந்துடும்மா" என்ற ஒரு சொல்லை மட்டும் நான் இன்னும் கொடுக்கவில்லை.