ஒரு வெளியூர் மூக்கு தேவை

திருவொற்றியூர்,
செவ்வாய்க்கிழமை மதியம்.

அன்புத் தம்பி சுடலைராஜுக்கு, அக்கா குணசுந்தரி ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. செங்கோட்டையில் நீயும் மகிமாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பொய் எழுத மனம் வரவில்லை. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. முழுவதும் படி.

எங்கள் தெருவுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் இருப்பதும் அதற்கு நான் செயலாளர் என்பதும் உனக்குத் தெரியும். தெருவிளக்குக்கும் சாக்கடை மூடிக்கும் மனு எழுதிக்கொண்டிருந்தோம். தீபாவளியிலிருந்து வேறு வேலையே இல்லை, நாற்றம்தான். சாயங்காலம் ஆறரை மணிக்கு மேற்கேயிருந்து காற்று திரும்பியதும் ஏதோ ஒரு ஆலையிலிருந்து ஒரு நாற்றம் வந்து தெருவில் உட்கார்ந்துவிடுகிறது. எந்த ஆலை என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்து ஆலையைக் காட்டுகிறார்கள். எதிர்வீட்டு ரஹீமுன்னிசாவின் பேத்தி ஜஸீமாவுக்கு ஆறு வயது. அந்தப் பிள்ளை இருமி இருமி, இழுப்பு வந்து, மூச்சு மருந்தை உறிஞ்சும் குழாயோடு ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டு மாதத்தில் பதினாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இதற்கு மேலும் சும்மா இருக்க முடியுமா? மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "எவ்வகை நாற்றம் எனத் தெளிவாகக் குறிப்பிடவும்" என்று ஒரே வரி. உடனே எங்கள் மொட்டைமாடியில் கூட்டம் போட்டோம். மளிகைக்கடை உச்சிமாகாளிதான் சங்கத் தலைவர். அவர், "எக்கா, அழுகின முட்டைதான். முப்பது வருசமா கடையில முட்ட விக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று அடித்துச் சொன்னார். ரஹீமுன்னிசா, "இன்னா பேசுறீங்க நைனா? ரப்பர் எரியிற நாத்தம். என் வூட்ல தான் மொதல்ல வந்து நிக்கிது, என்னியக் கேளுங்க" என்று எழுந்துவிட்டாள். உன் அத்தான் சும்மா இருந்திருக்கலாம். காலிஃப்ளவர் வெந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார். அன்றைக்குக் காலிஃப்ளவர் சமைத்தது நான். ஒன்றரை மணி நேரம் சண்டை. கடைசியில் அழுகிய முட்டையை ரப்பரோடு சேர்த்து எரித்தது போன்ற நாற்றம் என்று சமாதானமாக எழுதினோம். கையெழுத்துப் போடும்போது ரஹீமுன்னிசா, "முட்டைய ரப்பரோட எரிச்சி யாரு பாத்துகீறாங்கக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் தாளை மாற்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். பெயர் வல்லரசு, நாற்பது வயது இருக்கும், மரியாதையான மனுஷன். ஆனால் வந்தது எத்தனை மணிக்கு? காலை பதினொரு மணிக்கு! அந்த நேரத்தில் எங்கள் தெருவில் சாம்பார் வாசனையைத் தவிர ஒன்றும் கிடையாது. நாற்றம் ஆறரைக்குத்தான் வரும் என்றால், "அஞ்சு மணிக்கு டூட்டி முடிஞ்சிரும்மா" என்கிறார். விட்டுவிடுவோமா? காபி கொடுத்தோம். சாக்கடையைக் காட்டினோம். ரஹீமுன்னிசா வீட்டில் பிரியாணி போட்டோம். மூன்று மணிக்குக் கிளம்பப் போனவருடைய வண்டிக்கு முன்னால் உச்சிமாகாளி அரிசி மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார். "ஒரு பத்து நிமிசம் பொறுத்துக்கிடுங்க சார்" என்றவர் அதே இருபது மூட்டைகளை மூன்றரை மணி நேரம் இறக்கினார்.

சரியாக ஆறு முப்பத்தைந்துக்குக் காற்று திரும்பியது. நாற்றம் என்றால் அன்றைக்கு வந்ததுதான் நாற்றம், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்று வைத்துக்கொள். உச்சிமாகாளி துண்டால் மூக்கைப் பொத்தினார். உள்ளே ஜஸீமா இரும ஆரம்பித்தாள். தெருவே அந்த அதிகாரியின் மூக்கைப் பார்த்தது. அவர் நன்றாக இழுத்து மூச்சுவிட்டார். இன்னொரு தடவை இழுத்தார். பிறகு, "இன்னும் வர்லியா?" என்று கேட்டார்.

"அய்யா, வந்துட்டு!" என்று உச்சிமாகாளி கத்தினார்.

"எனக்கு ஒண்ணும் தெர்லியேண்ணே. காத்து ஜில்லுனு கீது."

"உங்களுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நான் பொறந்து வளந்ததே பக்கத்துல எர்ணாவூரு, ஆலைங்களுக்கு நடுவுல. எங்கூட்ல எப்பவும் இப்டித்தான் இருக்கும்."

நாற்றத்தை அளக்கும் மெஷின் எங்கே என்று கேட்டோம். சர்வீஸில் இருக்கிறதாம். திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆய்வின்போது நாற்றம் ஏதும் உணரப்படவில்லை" என்று எழுதிவிட்டார். தம்பி, அந்த ஆள் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். லஞ்சத்துக்குக் கை நீட்டியிருந்தால் மேலே புகார் எழுதியிருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறவனை நான் என்ன செய்வது? கடைசியில் வண்டியை எடுக்கும்போது அவரே ஒரு வழி சொன்னார்: "வெளியூர்க்காரங்க யாரையாச்சும் இட்டுகினு வாங்க. அடுத்த வாரம் வுட்டு அதுக்கடுத்த வியாழக்கெழம சாய்ங்காலம் திரும்ப வரேன். அவங்க நாறுதுன்னா எழுதிக்கிறேன்."

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவரைத் திட்டிக்கொண்டே படுத்தவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. எனக்கே இப்போதெல்லாம் பல நாள் நாற்றம் தெரிவதில்லை. ஜஸீமா இருமுவதைக் கேட்டுத்தான் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறேன். பொங்கலுக்கு வந்தபோது நீ ஆட்டோவைவிட்டு இறங்கியதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டினாய். என் வீட்டை அவமானப்படுத்திவிட்டாய் என்று இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். அன்றைக்கு உன் மூக்குதான் சரி. ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

ஆகையால் நீ கட்டாயம் புறப்பட்டு வா. அடுத்த வாரம் புதன்கிழமை பொதிகை ரயிலில் ஏறினால் வியாழன் காலையில் எழும்பூர். அதற்கு முன்னால் வராதே, வந்து ஒரு நாள் தங்கினால் உன் மூக்கும் எங்கள் மூக்கு மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் வரை உன்னை அண்ணா நகரில் பெரியப்பா மகன் வீட்டில் உட்கார வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். அருவியில் குளித்துச் சளி பிடித்துக்கொண்டு வந்து நின்றால் அக்கா என்று கூப்பிடாதே. நாற்றம் வந்ததும் நாகரிகம் பார்க்காமல் முகத்தைச் சுளி. முடிந்தால் வாந்தி எடு.

மகிமாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடு நல்ல காற்றில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
குணசுந்தரி

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். டிக்கெட் போட்டிருந்தால் ரத்து செய். இந்தக் கவரை ஒட்டப் போகும்போது ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். பெயர் நர்மதா. அந்த அதிகாரி வல்லரசுவின் மனைவி, சொந்த ஊர் ஓசூர். எங்கள் தெருவில் நடந்ததை அவர் வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். "கல்யாணமாகி எட்டு வருஷமா நாறுது நாறுதுன்னு சொல்றேங்க. இந்த மனுஷன் எனக்கு மூளையில கோளாறுன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு" என்று சொல்லி, என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் எழுதிவைத்திருந்த புது மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டாள். இப்போது மணி ஆறே முக்கால். புருஷனையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லச் சொல்ல, அவர் எங்கள் வாசலில் நின்றபடியே புது அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார். பாவம், கால் வலிக்குமே, உள்ளே வந்து உட்கார்ந்து எழுதட்டும் என்றேன். "இருக்கட்டும்க்கா, முடிச்சுட்டு வரட்டும்" என்கிறாள்.