இன்னும் கொஞ்சம் கிரீஸ்

விசிறித் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மேல் கை வைத்த ஃபிட்டர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். காலையிலிருந்து இரண்டு தடவை கிரீஸ் அடித்தாயிற்று. சூடு ஏறுகிறதே தவிர இறங்குவதாக இல்லை.

அந்தக் காகித ஆலையில் ஈரத்தாளை உலர்த்த இரண்டு ராட்சத விசிறிகள். சூப்பர்வைசர் நாற்காலி காலியானதும் மேனேஜர் அவற்றை ஆளுக்கொன்றாக இரண்டு ஃபிட்டர்களிடம் ஒப்படைத்திருந்தார். விசிறியைப் பார்த்து ஆளை முடிவு செய்வாராம். நம் ஃபிட்டரின் மனைவி அதுவரை காத்திருக்கவில்லை.

"நீங்க சூப்பர்வைசர் ஆயிட்டீங்கன்னு எங்க அக்காகிட்ட சொல்லிட்டேன்," என்றாள் போனில். "என் மானத்த வாங்கிடாதீங்க."

மானம் இப்போது ஒரு பேரிங்கில் சுற்றிக்கொண்டிருந்தது.

எதிர் விசிறிக்குப் பொறுப்பு, எல்லோரும் 'தூங்குமூஞ்சி' என்று கூப்பிடும் ஃபிட்டர். அளவாக கிரீஸ் வைத்துவிட்டு, தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். அவன் விசிறி சத்தமில்லாமல் ஓடியது. இவருக்கு வயிறு எரிந்தது.

"விட்டுடுங்கண்ணே. புது கிரீஸ் முதல்ல சூடாகும், அப்புறம் தானா அடங்கிடும். ரொம்ப அடைச்சா உள்ள குண்டு உருள எடமில்லாம இன்னும்தான் கொதிக்கும்," என்றான், கண்ணைத் திறக்காமலே.

"நீ தூங்கு. அந்த வேலையாவது உருப்படியா நடக்கட்டும்."

போட்டிக்காரன் சொல்லும் யோசனையைக் கேட்க அவர் என்ன ஏமாளியா? நேரே ஸ்டோருக்குப் போனார்.

"மறுபடியுமா?" என்றார் ஸ்டோர் அக்கா. "தம்பி, இத வீட்டுல தலைக்குத் தேச்சுக்கறீங்களா?"

"பேரிங் காஞ்சு கெடக்குக்கா."

"அந்த கிரீஸ் தீந்துபோச்சு. வேற ரகம்தான் இருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராதும்பாங்க."

"கிரீஸ்னா கிரீஸ்தான். குடுங்க."

சேரவில்லை. இரண்டும் கலந்து தண்ணீராய் இளகி, பேரிங்கின் அடைப்பைப் பிதுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. வெள்ளைத் தாளெங்கும் கறுப்புப் புள்ளிகள். போன கிரீஸுக்கு ஈடாக ஃபிட்டர் இன்னும் கொஞ்சம் அடித்தார். புகை வந்தது. பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். பேரிங் ஒருமுறை கிறீச்சிட்டு இறுகி நின்றது. கூடவே ஆலையில் தாள் ஓடுவதும் நின்றது.

சத்தம் கேட்டு ஓடி வந்த மேனேஜர், கிரீஸில் வழுக்கி ஃபிட்டரின் காலடியில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே நின்றுபோன விசிறியைப் பார்த்தார். பிறகு ஓடுகிற விசிறியைப் பார்த்தார்.

"என் ரூமுக்கு வாங்க," என்றார் ஃபிட்டரிடம்.

நாற்காலி என்ன, வேலையே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போனார் ஃபிட்டர். மனைவியின் அக்கா முகம் கண்முன் வந்து நின்றது.

திரும்பி வந்தபோது நடை மாறியிருந்தது. கிரீஸ் அடிக்கும் கன்னைக் கொண்டுபோய் ஸ்டோர் மேஜையில் வைத்தார்.

"நாளையிலேர்ந்து நான்தான் சூப்பர்வைசர். இத இனிமே தொடவே வேண்டாம்னுட்டார். நான் பட்ட பாட்ட மேனேஜர் கவனிச்சிருக்காருக்கா. அவனப் பாருங்க, தூங்கித் தூங்கியே கோட்டை விட்டுட்டான்."

ஸ்டோர் அக்கா அதைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

"மெஷின் பக்கம் விடக் கூடாதவங்களுக்குத்தான் தம்பி இங்க நாற்காலி. மேனேஜர் ஃபிட்டரா இருந்தப்ப எரிச்ச மோட்டாரெல்லாம் இன்னும் ஸ்டோருக்குப் பின்னாடிதான் கெடக்கு."