குண்டூசி வாயோடு சொன்னால்தான் உட்காரும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். நீ விட்டுப்போன நாயும் நலம், அதற்கென்ன குறைச்சல்.

புதுக் குடியிருப்பில் சொன்ன பேச்சுக் கேட்கிற நாயைத்தான் சேர்ப்பார்களாம், உட்கார், இரு, வா மூன்றையும் பழக்கி வை, ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போகிறேன் என்றாய். பழக்கினேன். அங்கேதான் கோளாறு. தையல்காரியின் வாய் என்றைக்கடா காலியாக இருந்தது? மெஷின்முன் உட்கார்ந்தால் உதட்டில் நாலு குண்டூசி இருக்கும். அந்த வாயோடுதான் பாடம் நடத்தினேன். "உட்கார்" என்பது "ம்க்கா" என்று வரும். உன் நாய் அதையே பிடித்துக்கொண்டது. ஊசியை எடுத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னால், யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறது.

கோட்டுக்கு அளவு பார்க்க வந்த கணக்கு வாத்தியாரை, ஊசி வாயோடு அசையாமல் இருக்கச் சொன்னேன். அவர் அசைந்தார். நாய்தான் அவர் காலடியில் சிலையாக நின்றது. தடுக்கி, பாதி தைத்த கோட்டோடு துணிக்கட்டின்மேல் விழுந்தவர், "ஏம்மா, இங்க பாடம் எனக்கா நாய்க்கா?" என்று கேட்டார். "வா" என்றால் வருகிறது, ஆனால் சும்மா வருவதில்லை. வழியில் கிடக்கும் லைனிங் துணியையெல்லாம் இழுத்துக்கொண்டு வருகிறது.

இதைக் கூட்டிப்போய்க் குடியிருப்புச் செயலாளர் முன்னால் நிறுத்தினால் உன் மானம்தான் போகும். நீயும் வாயில் குண்டூசியோடு அலைவாயா? விழுங்கித் தொலைத்தால்? ஆகவே அது இங்கேயே கிடக்கட்டும். எனக்கொன்றும் ஆசையில்லை, உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மச்சான், இது உன் அத்தான். உறையை ஒட்டி அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். ஊசிக் கதையெல்லாம் முதல் வாரத்தோடு சரி. இப்போது யார் சொன்னாலும் உட்காரும், இருக்கும், வரும். அத்தனை நன்றாகப் பழக்கிவிட்டாள். நேற்று நான் "வா" என்றதும் அவள் மடியிலிருந்து எழுந்து என்னிடம் வந்தது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வா, இரண்டு நாள் தங்கிப் போ. நாயை மட்டும் கூப்பிடாதே. கூப்பிட்டால் வந்துவிடும்.