வார்டுக்குள் பஸ் விட்டவர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் என்னைத் தெரியாத ஆளே கிடையாது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், ஏறுகிறவர்களை இறங்கும்வரை சிரிக்க வைக்கிறவன். நான் படுத்தால் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள்.

பொய். குடல் ஆபரேஷனுக்காக விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். மயிலத்திலிருந்து என் அக்கா மட்டும் ஒரு தடவை வந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் பதினோரு நாளும் வேலை போலிருக்கிறது.

அந்த வார்டில்தான் டைம்கீப்பரைப் பார்த்தேன். படுத்திருக்கும் மனிதனைக் கிளப்புவதில் அவரை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. பிணவறை வேறு கட்டடத்தில் இருந்தது, அங்கே இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் தனியார் பஸ்களுக்கு நேரம் சொல்லி விரட்டியவர். எனக்கு இருந்த அதே நோய்தான் அவருக்கும். பெருங்குடல் முழுக்கப் புண், வருஷக்கணக்கில் ரத்தப்போக்கு. எனக்கு நாலு நாள் முன்னால் அவருக்குக் குடலை வெட்டி, வயிற்றில் மலம் சேர ஒரு பை மாட்டியிருந்தார்கள். "எல்லா வண்டிக்கும் டிக்கி பின்னாடி, எனக்கு மட்டும் முன்னாடி" என்று அதைத் தட்டிக் காட்டுவார்.

எனக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள் என் கட்டிலருகே வந்து நின்றார்.

"என்னா தொழிலு?"

"ஷேர் ஆட்டோண்ணா."

முகம் சுருங்கியது. "என் பஸ்ஸு நவுர்றதுக்குள்ள ஆள அள்ளிக்கினு போற கும்பலா நீ? எழுந்திரு."

"பச்சை ஒடம்புண்ணா. அசையவே கூடாதுன்னு அக்கா சொல்லிட்டுப் போச்சு."

"அசையலன்னா கால்ல ரத்தம் கட்டிக்கும்டா. டாக்டரம்மா சொன்னது காதுல ஏறலியா?"

டாக்டரம்மா சொன்னார்தான். இந்த நோய் வந்த உடம்பில் ரத்தம் சீக்கிரம் உறையுமாம். அதோடு ஆபரேஷன், அதோடு படுக்கை. காலில் கட்டிய ரத்தம் மேலே ஏறி நுரையீரலை அடைத்தால் ஆளே போய்விடலாம். அதனால் நடக்க வேண்டும், தினமும் தொப்புள் பக்கம் ஒரு ஊசி, வீட்டுக்குப் போன பிறகும் சில வாரம். என்னுடையது ஏழாம் வகுப்பைத் தாண்டாத மூளை. இரண்டு வருஷமாக ரத்தம் நிற்காமல் போனவனிடம் ரத்தம் உறையும் என்றால், நல்ல சேதி என்றுதானே நினைப்பான்!

டைம்கீப்பர் விடவில்லை. என் கட்டில் விழுப்புரம். சிஸ்டர் மேஜை விக்கிரவாண்டி டோல்கேட். ஜன்னல் கூட்டேரிப்பட்டு. கக்கூஸ் திண்டிவனம்.

"திண்டிவனம், திண்டிவனம்! ஜல்தி!"

"தையல் இழுக்குதுண்ணா. கூட்டேரிப்பட்டுல எறங்கிக்கிறேன்."

"எக்ஸ்பிரஸ்டா இது. ஸ்டாப்பிங் கெடையாது."

மூன்றாம் நாள் வார்டே வரிசையில் நின்றது. குடலிறக்கக்காரர் ஒருவர் முந்தப் பார்த்ததற்கு, அவரை ஜன்னலோரம் ஐந்து நிமிஷம் நிறுத்தி வைத்தார்.

சிஸ்டர் கத்தினார். "யோவ் டைம்கீப்பர், இது வார்டா, டெப்போவா?"

"டெப்போன்னா வண்டி நிக்கும் சிஸ்டர். இங்க ஒண்ணும் நிக்காது."

சாயங்காலம் பார்வையாளர்களை விடும் நேரத்தில் மட்டும் அவர் சத்தம் இருக்காது. மாடிப்படியில் நின்று கீழே கேட்டையே பார்ப்பார். கம்பியைப் பிடித்தபடி நானும் போய் நின்றேன்.

"யாராச்சும் வரணுமாண்ணா?"

"எனக்கு யார்ரா வர்றது? வண்டிங்க டைமுக்கு வருதான்னு பாத்துக்கினு இருக்கேன்."

அங்கிருந்து பார்த்தால் பஸ் எதுவும் தெரியாது.

திண்டிவனத்தில் என் ஒற்றை ரூமுக்குத் திரும்பினேன். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் ஊசி குத்திய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். "போன ரத்தம் போதாதா? ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். அசையாம படு" என்றாள். சோம்பேறிக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடைக்குமா?

ஆனால் தினமும் காலை ஆறு பத்துக்கு டைம்கீப்பர் போன் வரும். ஆறு பத்து என்றால் ஆறு பத்துதான்.

"போட்டாச்சா? நடந்தாச்சா?"

"ஊசி ஆச்சுண்ணா. இப்ப நடந்துக்கினுதான் இருக்கேன்." பாயில் படுத்தபடி மூச்சு வாங்குகிற மாதிரி நடிப்பேன்.

ஒரு வாரம் நடித்தேன். அப்புறம் ஒருநாள் காலை எழுந்தால் இடது கெண்டைக்கால் வீங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா சுளுக்கு என்று முடிவு கட்டி, உருவிவிட விளக்கெண்ணெயோடு வந்து உட்கார்ந்தது. ஆறு பத்துக்குப் போன் வந்தது.

"ண்ணா, எடது காலு மட்டும் கொழுத்துப் போச்சு. சோறெல்லாம் ஒரே பக்கமா எறங்குது போல."

அவர் சிரிக்கவில்லை. "சூடா இருக்கா?"

"இருக்கு."

"ஊசி போட்டியா?"

"பக்கத்து வீட்டு அக்கா உருவிவிட வந்திருக்குண்ணா" என்று பேச்சை மாற்றினேன்.

"காலுல யாரையும் கைவெக்க வுடாத" என்று போனை வைத்தார்.

வெயில் ஏறுவதற்குள் விழுப்புரத்தில் தன் வீட்டிலிருந்து வந்துவிட்டார், வயிற்றில் பையோடு. பஸ் ஸ்டாண்டிலிருந்து என் தெருவுக்கு வேறு வண்டி இல்லை.

"ஷேர் ஆட்டோல ஏற வெச்சிட்டியேடா பாவி."

எழுந்து உட்காரப் பார்த்தேன். "கெட. எழுந்திருக்காத" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும்தான் எனக்குப் பயமே வந்தது. ஆம்புலன்ஸில் வழி முழுக்க என்னை மூச்சு விடச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏதோ அதையும் நான் நடிப்பேன் என்பது போல.

ஸ்கேனில் முழங்காலுக்கு மேல்வரை ரத்தம் கட்டியிருந்தது. நுரையீரலுக்குப் போகவில்லை. இன்னும் இரண்டு நாள் படுத்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்குக் கேட்டேன். "ஏண்ணா எனக்குத் தெனிக்கும் போன் பண்ணீங்க?"

"வேற எவன் எடுக்கறான்?" என்றார்.

இப்போது அதே ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பையை எடுத்துவிட்டுக் குடலை மறுபடி சேர்க்க அவரைக் காலையிலேயே உள்ளே கொண்டுபோனார்கள். மற்ற பெஞ்சுகளில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குடும்பம், இரண்டு பிளாஸ்க். இவருக்கு நான். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸுக்கு லேட்டாக வந்த அன்று இவர் வாசலிலேயே மறித்து, வாட்சைக் காட்டி, என்ன கேட்டார் தெரியுமா...

இருங்கள், கதவு திறக்கிறது.

"டைம்கீப்பர் கூட வந்தது யாருப்பா? ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. நாளைக்கு எழுப்பி நடக்க வெக்கணும், ஆளு இருக்கா?"

"இருக்கேன் சிஸ்டர். நான் இருக்கேன்."